பாலீஷ் மாமுவும் இரண்டு கட்டிங்கும்

திருவொற்றியூரில் கார் வைத்திருப்பவன் எவனானாலும் பாலீஷ் மாமுவிடம் கன்னத்தைக் காட்டாமல் தப்பித்ததில்லை. டாக்டர் காட்டியிருக்கிறார், வக்கீல் காட்டியிருக்கிறார், மீன் ஏலம் விடும் மீசைக்கார அண்ணாச்சிகூட மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு காட்டியிருக்கிறார்.

கார் பெயின்ட்டை மெஷினால் தேய்த்து மினுக்குவதுதான் மாமுவின் தொழில். மெஷின் முனையில் வட்டமான ஃபோம் பேடு ஒன்றை ஒட்டுவார்கள். கீறலை எடுக்கக் கொஞ்சம் சொரசொரப்பான கட்டிங் பேடு, கடைசியில் பளபளப்பு ஏற்ற மெத்தென்ற ஃபினிஷிங் பேடு. எந்த வண்டிக்கு எது என்று உலகத்தில் மற்றவர்கள் வண்டியைப் பார்த்து முடிவு செய்வார்கள். மாமு, வண்டிக்காரன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து முடிவு செய்வார்.

"கலரப் பாத்து வாங்காத நைனா! ஒரு கம்பெனில மஞ்ச கட்டிங்கு, இன்னொருத்தன்ட்ட மஞ்சதான் ஃபினிஷிங்கு. பேஜாரு. கன்னம் பொய் சொல்லாது" என்பார். தாடிக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். ரிசல்ட் தப்பாக வருமாம்.

இந்தக் கூத்துக்குப் பயந்துதான் நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஸ்டெல்லா, ராயபுரம். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கயிறு மொத்த வியாபாரம் செய்பவர். என் கறுப்பு செகண்ட் ஹேண்ட் காரைக் கல்யாணத்துக்குள் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும் என்று நானே மெஷின் வாங்கி, நாலு வீடியோ பார்த்து, கையில் கிடைத்த மஞ்சள் பேடை ஒட்டி ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். வெயிலில் நிறுத்தினால் யாரோ பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் கோலம் போட்டதுபோல் இருந்தது. வெட்கத்தைவிட்டு மாமுவிடம் ஓடினேன். "அட கஸ்மாலம், இன்னாடா பண்ணி வெச்சுக்கிற!" என்று தலையில் கைவைத்தவர், நாள் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

சொன்னார். எப்போது சொன்னார் என்பதுதான் என் தலையெழுத்து.

அன்று ஸ்டெல்லாவையும் அவள் அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் திருவொற்றியூர் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, வாசிக்கப் பெயர் கொடுக்க வேண்டும். வழக்கம்போல இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி, வண்டி அசையவில்லை. "குடிக்கவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு மொதல்லயே சொல்லிட்டம்லா, அதுல ஒங்கள எனக்குப் புடிச்சிப்போச்சு தம்பி" என்று மாமனாராகப் போகிற மாமா மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் போன் வந்தது. போன் கார் ஸ்பீக்கரோடு சேர்ந்திருந்தது.

"இன்னா நைனா, இன்னிக்கி கட்டிங் போட்றமா இல்லியா?"

எங்கள் ஊரில் கட்டிங் என்றால் குவார்ட்டரில் பாதி என்று பச்சைக்குழந்தைக்கும் தெரியும். பதறி ஸ்பீக்கரை அணைக்கப் போய் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

"போன வாரம் நீ தனியா போட்டுக்கினு ஒரே கலீஜ் பண்ணிட்ட. உனுக்கு ஒண்ணுலாம் பத்தாது, ரெண்டு கட்டிங் போட்டாதான் அடங்கும்!"

"மாமு! வண்டில பொண்ணோட அப்பா இருக்காரு!"

"அப்டியா? கூட்டியா, அவுருக்கும் ஒண்ணு போட்லாம். ஷேவ் பண்ணிக்கினு வரச் சொல்லு!"

போன் கட்டானது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வண்டிய நிறுத்துங்க தம்பி, நாங்க எறங்குதோம்" என்றார். வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. லாரி ஒட்டி நின்றதால் கதவைத்தான் திறக்க முடியவில்லை. துறைமுகத்து நெரிசலுக்கு வாழ்க்கையில் அன்றுதான் நன்றி சொன்னேன். அது பெயின்ட் சமாச்சாரம் என்று நான் விளக்க விளக்க, எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

பின்சீட்டிலிருந்து ஸ்டெல்லாதான் பேசினாள். "அப்பா, அந்த ஆள நேர்ல பாத்துருவோம். பொய்யின்னா நானே வேண்டாம்னு சொல்லிருதேன்."

ஆக, என் கல்யாணம் மாமுவின் வாயில் போய்த் தொங்கியது. அதைவிட ஆபத்தான இடம் வடசென்னையில் கிடையாது.

மாமுவின் ஷெட்டுக்குள் நுழைந்ததும் மாமா கையைக் கட்டிக்கொண்டு, "கட்டிங்னா என்னவே?" என்றார். மாமு ஆணியில் தொங்கிய பேடை எடுத்து மாமாவின் கன்னத்தில் வைத்து ஒரு சுற்று சுற்றினார். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எரியுதா சார்? இதான் கட்டிங்கு. இத்தத்தான் உன் மாப்ள பாலீஷ் தடவாம நேரா பெயின்ட்டு மேல வுட்டுக்கினாரு. வெளிய வந்து பானெட்டப் பாரு. குடிச்சிட்டுப் பண்ணியிருந்தாக்கூட இவ்ளோ கேவலமா வராது. நல்ல தெளிவா இருந்துக்கினே பண்ணிக்கிறாரு!"

மாமா வெளியே போய் பானெட்டை வெயிலில் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பானெட்டைப் பார்த்தார். "இப்படி ஒரு ஆளச் சாட்சிக்கு வச்சிருக்க பய பொய் சொல்லத் தெரியாதவனாத்தான் இருப்பான்" என்று மகளிடம் சொன்னார். பிறகு மாமுவைத் தனியாகக் கூப்பிட்டு, "மெத்துன்னு ஒண்ணு இருக்காம்லா, அதையும் ஒருக்க வையும்" என்று இன்னொரு கன்னத்தைக் காட்டினார்.

ஓலை வாசித்தார்கள். மாமு காரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். கல்யாணமும் நடந்தது. மாமு மட்டும் சர்ச்சுக்குள் வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும், "நீ போ நைனா, காக்கா எச்சம் போட்ரும்" என்று வாசலிலேயே காருக்குக் காவல் நின்றார். அதனால் ஆல்பத்தில் ஒரு குரூப் போட்டோவிலும் அவர் இல்லை. நானும் ஸ்டெல்லாவும் கார் பக்கத்தில் நிற்கிற படத்தில் மட்டும், கறுப்புக் கதவுக்குள் சின்னதாக ஓர் ஆள் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் ஸ்டெல்லா மற்ற பக்கங்களைத் தள்ளிவிட்டு அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டுவாள்.

"எங்க ரெண்டு பேர விடுங்க, இந்தக் கதவுக்குள்ள பாருங்க. இவருதான் எங்க மாமு."