டச்போன் மாமா வாங்க மறுத்த போன்

உலகத்தில் எந்தக் கம்பெனி எந்தப் போனை இறக்கினாலும், அது முதலில் எங்கள் டச்போன் மாமாவின் சட்டைப்பையில்தான் இறங்கும். றக்வான மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற மனிதரின் போனைப் பார்த்து, கொடகவெல டவுன் போன்கடை முதலாளியே எழுந்து நின்றிருக்கிறார். தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை ஒழுகும். போனுக்கு மட்டும் மேலே கண்ணாடி, கீழே கவர்.

எல்லாம் குவைத்தில் வீட்டு வேலை செய்கிற அவர் பெண்டாட்டி பாக்கியம் அத்தையின் உபயம். அக்ரிமென்ட் முடியும்போதெல்லாம் "இந்தவாட்டி வந்துர்றேங்க" என்பாள். அவள் வரமாட்டாள், போன் வரும். முதலில் பட்டன் போன், பிறகு டச், கடைசியாக மூன்று கேமரா வைத்தது.

"மூணு கேமரா எதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

"ஒன்னு பாக்க, ஒன்னு காட்ட, ஒன்னு ஸ்பேரு. பட்டன் போன்காரிக்கு இதெல்லாம் வெளங்காது, போ!"

லயத்தில் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அத்தை எப்போது வருவாள் என்று ஒருவரும் கேட்கமாட்டோம். அடுத்த போன் எப்போது வரும் என்றுதான் கேட்போம்.

இத்தனை ஜம்பத்துக்கும் கவரேஜ் கிடைப்பது ஓர் இடத்தில்தான்: மலைத்தண்ணீர் கொட்டுகிற, பெண்கள் குளிக்கிற பீலி. "மேட்டைப் பாத்துத் திரும்பி நின்னு பேசுறதுன்னா பேசுங்க" என்றோம். மாமா ரொம்ப யோக்கியமாக எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்தார். குவைத்திலிருந்து அத்தை கத்தினாள்:

"அடியே மலரு! முதுகுல சவுக்காரம் அப்பிடியே இருக்கு பாரு!"

முன்கேமராவில் மாமாவின் தோளுக்குப் பின்னால் மொத்தப் பீலியும் தெரிந்திருக்கிறது! முதலில் பறந்த வாளி என்னுடையது. மாமா தொப்பலாக நனைந்தார். போனில் ஒரு சொட்டு விழவில்லை.

அதன்பிறகு, எல்லோரும் குளித்து உடுத்திய பின்தான் மாமா பேசலாம் என்று சட்டம் போட்டோம். ஆனால் ஒருத்தியும் வீட்டுக்குப் போவதில்லை, சுற்றி நின்று கேட்போம். மாமாவுக்கு வேண்டியதெல்லாம் பெண்டாட்டி வீடு திரும்புவதுதான். இத்தனை காதுகளுக்கு நடுவே எந்த ஆம்பளை அதைக் கேட்பான்? அதனால் கூட்டிவந்த ஆட்டைக் காட்டுவார், பீலியோரத்துப் பாகற்கொடியைக் காட்டுவார், வைத்துவிடுவார்.

போன மாதம் அக்ரிமென்ட் முடிகிற நேரம் அத்தை கேட்டாள்: "ஏங்க, வீட்டுக்கார அம்மா இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. மடிக்கிற போன் ஒன்னு வந்திருக்காம். அனுப்பட்டுமா?"

"மடிக்கிற போனா! சரின்னு சொல்லுங்க மாமா!" என்று நாங்கள் குதித்தோம்.

மாமா திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "தல நரச்சிருச்சே புள்ள."

"இங்கத்து லைட்டு அப்பிடிங்க."

மாமா எங்களை ஒருதரம் பார்த்தார். வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னார்: "போன் வேணாம். நீ வந்துரு."

"வந்து?"

"வந்து என்னய ஏசு. எதுத்தாப்புல நின்னு ஏசு."

அத்தை முக்காட்டை இழுத்து நரையை மூடினாள். பிறகு, "சரிங்க, வர்றேன்" என்றாள்.

மாமா சட்டென்று உள்ளங்கையால் கேமராவை மூடிக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"ஏங்க, ஒன்னுமே தெரியலயே?"

"போனு பழுதாயிருச்சு புள்ள" என்றார், உலகத்திலேயே நல்ல போன் வைத்திருந்த மனிதர். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று.