கிளிஃபர்டின் மெடிக்கல் போர்டும் என் கணுக்காலும்

குழந்தை இயேசுவின் நிழலில்,
விவேக் நகர், பெங்களூரு.

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய பிரிஜெட் அக்காவுக்கு,

தம்பி ரெமிஜியஸ் வணங்கி எழுதுவது. காட்பாடியில் நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் பிரிஸில்லாவும் நம் கடைக்குட்டி கிளிஃபர்டும் சுகம். என்னுடைய இடது கணுக்கால் மட்டும் சுகமில்லை, அது ஏன் என்பது கீழே வரும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் அழ ஆரம்பித்துவிடுவீர்கள், மீதியை மாமாவிடம் சொல்ல வேண்டியிருக்கும், மாமாவுக்குக் காது கேட்காது. ஆகையால் கடிதம்.

கிளிஃபர்டின் ஊனமுற்றோர் பென்ஷன் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். பழைய சர்டிபிகேட் செல்லாது, மெடிக்கல் போர்டு முன்னால் போய் நின்று புது கார்டு வாங்கி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பென்ஷன் பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஈஜிபுரா மிக்ஸி கடையில் அவன் ரிப்பேர் பார்த்துச் சம்பாதிப்பது அவன் கைச்செலவுக்கே சரியாகிவிடும், வீட்டுக்கு என்று அவன் எடுத்துக் கொடுப்பது இந்தப் பென்ஷன்தான். அது நின்றதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு கறியை எங்கள் பக்கம் தள்ள ஆரம்பித்தான். பிரிஸில்லா இரண்டு வாரம் பார்த்தாள், மூன்றாவது வாரம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அடுத்த நாளே போர்டுக்குத் தேதி வாங்கிவிட்டேன்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவன். காலமெல்லாம் தேறாத பிள்ளைகளைத் தேற வைத்தவன். சொந்தத் தம்பியை ஒரு டெஸ்டுக்குத் தயார் பண்ண முடியாதா என்று மாதிரித் தேர்வு வைத்தேன். ஹாலில் நாற்காலி போட்டு, பிரிஸில்லா டாக்டர், நான் மேற்பார்வை. "மாடிப்படி ஏற முடியுமா?" என்று பிரிஸில்லா கேட்டாள். "ஏறுவேன் அண்ணி" என்றான் கிளிஃபர்ட். "டேய், முடியாதுன்னு சொல்லுடா" என்றேன். "ஏறறேனேண்ணா, எப்படி முடியாதுன்னு சொல்றது? பொய்யில்ல?" "கம்பியப் புடிச்சி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறறே. அது ஏறறதா?" "மேல போய்ச் சேர்ந்துடறேனில்ல?" அக்கா, அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. போலியோ வந்த நாளிலிருந்து அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே. யார் கேட்டாலும் ஒண்ணும் கஷ்டமில்லேன்னு சொல்லு, தலையக் குனியாதே. ஐம்பது வயதைத் தாண்டியும் அம்மா சொன்னதைத் தட்டாத ஒரே பிள்ளை அவன்தான். அரைமணி நேரம் போராடி ஒருமுறைகூட அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைக்க முடியாமல், "போய் அங்கயாவது வாய மூடிக்கிட்டு இரு, நான் பேசிக்கறேன்" என்று முடித்துக்கொண்டேன்.

போர்டு நாளன்று அவன் தலைக்குச் சாயம் பூசி, அன்னை வேளாங்கண்ணித் திருவிழாவுக்குத் தைத்த நீலச் சட்டையை மாட்டி, காலில் மாட்டும் இரும்புக் கேலிப்பருக்கு எண்ணெய் போட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றான். "பழைய சட்டை போடுடா, பார்த்தா பாவமா இருக்கணும்" என்றேன். "கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் வருவாங்கண்ணா" என்றான். ஆட்டோக்காரர் அவனைப் பார்த்துவிட்டு என்னிடம், "யாருக்கு சார் ஒடம்பு சரியில்ல, உங்களுக்கா?" என்று கேட்டார். அப்போதே நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை, அவர்களுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும். கை கால் பரிசோதனை இரண்டாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நடக்க முடியாதவர்களை மேலே கூப்பிடுகிறார்களே என்று நான் கீழே நின்று நியாயம் பேசிக்கொண்டிருந்தபோது, கிளிஃபர்ட் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றிப் பாதி தூரம் போய்விட்டான். மேலே போர்டு டாக்டர் எட்டிப்பார்த்துவிட்டால் என்ன ஆகும்! "டேய், ஏறாதே! ஏறாதேடா!" என்று கத்திக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவினேன். எனக்கு அறுபத்தைந்து வயது என்பது முதல் மாடித் திருப்பத்தில்தான் ஞாபகம் வந்தது. கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

திரும்பக் கண் தெளிந்தபோது நான் சக்கர நாற்காலியில் இருந்தேன். கிளிஃபர்ட் மேலே போய் லட்சுமம்மா என்ற ஆயாவைக் கூட்டி வந்து, இரண்டு வார்டு பையன்களைக் கன்னடத்தில் கெஞ்சி, என்னை நாற்காலியோடு தூக்க வைத்துவிட்டான். சக்கர நாற்காலியைக் கண்டதும் வரிசை தானாக வழிவிட்டது. "பாவம், ரொம்ப முடியாதவரு, விடுங்கம்மா, விடுங்க" என்று லட்சுமம்மா என்னை நேராக டாக்டர் அறைக்குள் தள்ளிவிட்டார். நான் வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது.

டாக்டர் பெயர் வீணா. சின்ன வயது, வேகமான கை. பேன்ட்டை முழங்கால்வரை ஏற்றி, சுத்தியலால் தட்டி, டேப்பால் இரண்டு காலையும் அளந்தார். "கால் ரெண்டும் ஒரே அளவுதானே இருக்கு?" என்று அவரே யோசித்தார். பிறகு, "எத்தனை வருஷமா இப்படி இருக்கார்?" என்று பக்கத்தில் நின்ற கிளிஃபர்டைக் கேட்டார். அந்தப் பாவி முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "பொறந்ததிலேர்ந்தே இப்படித்தான் மேடம். யார் பேச்சையும் கேக்கமாட்டார்" என்றான். எனக்கு அப்போதுதான் குரல் வந்தது. "அம்மா, பேஷண்ட் நான் இல்ல, அவன்!" டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். சாயம் பூசிய தலை, நீலச் சட்டை. லட்சுமம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நாற்காலியில் அவனை உட்கார வைத்தார்கள், என்னை மூலையில் தள்ளினார்கள். "சொல்லுங்க, என்ன கஷ்டம்?" "ஒண்ணும் கஷ்டமில்ல மேடம்." "படி ஏறுவீங்களா?" "ஏறுவேன்." "வேலைக்குப் போறீங்களா?" "டெய்லி." "அப்புறம் எதுக்கு வந்தீங்க?" அவன் சிரித்தான். நான் இடையில் புகுந்து, "மேடம், அவன் சொல்றத நம்பாதீங்க" என்றேன். "நீங்க பேசாதீங்க" என்றார். பென்ஷன் போயிற்று என்று நினைத்துக்கொண்டு குழந்தை இயேசுவைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். "சரி, முடியும் முடியாது எல்லாம் விடுங்க. காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து என்ன செய்வீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்றார். கதை கேட்டால் சொல்லாமல் இருப்பானா நம் தம்பி? "கேலிப்பர் மாட்ட நேரம் புடிக்கும் மேடம். அவசரம்னா தரையில உட்கார்ந்து, கையால நகர்ந்து பாத்ரூம் போயிடுவேன். அதுக்காகவே எல்லாரும் எழறதுக்கு முன்னாடி எழுந்துடுவேன். அண்ணி பார்த்தா சங்கடப்படுவாங்க."

அக்கா, அவன் விடியுமுன் எழுந்திருப்பது ஜெபம் பண்ணத்தான் என்று நான் பங்குச் சாமியார் வரைக்கும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒரே வீடு, ஒரே சுவர், இந்தப் பக்கம் நான் குறட்டை விட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அவன் நிறுத்தவில்லை. மழை பெய்தால் ஊன்றுகோல் வழுக்கும், ஆகையால் மழை விடும்வரை கடையிலேயே உட்கார்ந்திருப்பானாம். நாங்கள் ஓவர்டைம் என்று நினைத்தோம். ராத்திரியில் நல்ல காலிலும் வலி வருகிறதாம். பஸ் படி உயரம் என்றான், கோயில் தரை வழவழப்பு என்றான், கடைசியில் என் குறட்டையையும் சேர்த்துச் சொன்னான். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டு, காலை அளந்து, அழுத்திப் பார்த்து, எழுதிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "இதையெல்லாம் வீட்ல யார்கிட்டயும் சொன்னதில்லையா?" என்று கேட்டார். "கேட்டதில்லையே மேடம்" என்றான், குறையாக இல்லை, சாதாரணமாக. நான் சுவரில் ஒட்டியிருந்த போலியோ சொட்டு மருந்துப் படத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது கன்னடத்தில் இருந்தது, எனக்குப் படிக்க வராது.

கார்டு கிடைத்துவிட்டது அக்கா! பென்ஷனும் திரும்ப வருகிறது. மறுநாளே பிளம்பரைக் கூப்பிட்டுப் பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டேன். உயரம் சரியில்லை என்று கிளிஃபர்டே டிரில்லிங் மெஷினை எடுத்து இரண்டு டைல்ஸை உடைத்து வேறு இடத்தில் மாற்றிவிட்டான். பிரிஸில்லா அவனுடைய கட்டிலை பாத்ரூம் பக்கத்து அறைக்கு மாற்றி, எங்களைத் தெருப்பக்கம் அனுப்பிவிட்டாள். ராத்திரி முழுக்க நாய் குரைக்கிறது, நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஒரே ஒரு தொந்தரவு. அந்த வார்த்தையை அவன் கற்றுக்கொண்டுவிட்டான். வெங்காயம் நறுக்கச் சொன்னால் "முடியாது அண்ணி." ரேஷன் கடைக்கு என்றால் "முடியாதுண்ணா, டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்க." நேற்று நான் மாணவர்களைத் தேற வைத்த பழைய கதையை ஆரம்பித்தபோதும் அதையே சொன்னான். பிரிஸில்லா சிரித்த சிரிப்பு மேல்வீட்டுக்குக் கேட்டது.

உங்கள் கோயில் திருவிழாவுக்கு அவனைக் காட்பாடிக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அது நடக்காது அக்கா, மன்னியுங்கள். மழைக்காலம், ரயில் கூட்டம், தனியாக அவன் வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அண்ணன் என்ற முறையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், அவனும் தலையாட்டிவிட்டான். என் கணுக்கால் வீக்கம் வடிந்ததும் நானே கூட்டிக்கொண்டு வருவேன். நான் சக்கர நாற்காலியில் போன விஷயம் மட்டும் நம் குடும்பத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கத்தை உரக்கச் சொல்லவும். ஆண்டவர் உங்கள் வீட்டில் அரிசியையும் சிரிப்பையும் குறையாமல் வைக்கட்டும்.

என்றும் உங்கள் சொல் கேட்கும் தம்பி,
ரெமிஜியஸ்

பி.கு.: தபாலில் போடச் சொல்லி இந்தக் கடிதத்தைக் கிளிஃபர்டிடம் கொடுக்கப் போனேன். எதற்கு ஸ்டாம்ப், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்கிறான். நாளைக் காலை ரயிலுக்குக் கீழ் சீட்டாகக் கேட்டு டிக்கெட் எடுத்துவிட்டானாம், தனியாக. ஆகவே இதை நீங்கள் பிரிப்பதற்கு முன்பே அவன் எல்லாவற்றையும் தன் பாணியில் சொல்லி முடித்திருப்பான், சக்கர நாற்காலியை நடித்தே காட்டியிருப்பான். டாக்டர் அறையில் நான் அழுதேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம், டெட்டால் நெடி. ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறான். நான் போகமாட்டேன். பிளாட்பாரத்தில் டீக்கடைக்குப் பின்னால்தான் நிற்பேன். வண்டி நகர்ந்ததும் உங்களுக்குப் போன் பண்ணி, மாமாவைக் கொஞ்சம் முன்னதாகவே ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்வேன், அவரும் அவன் கண்ணில் படாமல் நிற்கட்டும்.