பெரம்பலூர்ச் சத்தம்

"இது எம் பொண்ணு ஜாதகமா இருக்காது தம்பி" என்று சொல்லி, பொன்னாயி காகிதத்தை மேசைமேலேயே திருப்பி வைத்தாள்.

ஜாதகத்தில் ஒரு பிழையும் இல்லை. நாள், நேரம், நட்சத்திரம் எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தன. செந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்தவள், முந்தானையால் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் அது அச்சாகி வந்துவிட்டது. அதுதான் குற்றம்.

"சொல்லி வாயை மூடல, எடுத்து நீட்டுறே. யாருக்கோ போட்டு வெச்சத என் தலையில கட்டப் பாக்குறியா? பெரம்பலூர்ல நல்லதம்பி கடையில மிஷினு ஒரு மணி நேரம் கடகடன்னு ஓடும். அதுவரைக்கும் உக்கார வெச்சு, பஞ்சு மாதிரி இட்லி வேற குடுப்பாங்க. அதுல்ல ஜாதகம்."

அவள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். 'அரியலூரின் முதல் கம்ப்யூட்டர் ஜாதகம், 1989' என்ற புது போர்டின் கீழே நின்று கிருஷ்ணமூர்த்தி அவள் போவதைப் பார்த்தார்.

அதுவரை அவர் ஒரு சிமெண்டு ஏஜென்சியில் டைப்பிஸ்ட். வேலையை விட்ட அன்று சும்மா வந்திருக்கலாம். மானேஜரிடம் எல்லோர் முன்னாலும், "இனிமே சத்தமில்லாத, வேகமான பொழைப்பு சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். மானேஜர் சிரித்தபடி, ஆவணி வரைக்கும் சீட்டைக் காலியாகவே வைத்திருப்பதாகச் சொன்னார். கடை ஓடாவிட்டால் அந்தச் சிரிப்புக்கு எதிரில் போய் மறுபடி உட்கார வேண்டும். அதை நினைத்தாலே கிருஷ்ணமூர்த்திக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்பையும் பெண் பார்ப்பது மாதிரி பார்த்துப் பார்த்து எடுத்தார். திருச்சியில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் தர்மன் காட்டிய ஃபேன்களையெல்லாம் காதருகே வைத்துக் கேட்டார். ஒரு ஹார்ட் டிஸ்க் இருமுகிறது என்று ஒதுக்கினார். மதர்போர்டில் இருப்பதிலேயே வேகமானது வேண்டும் என்றார். ஜாதகம் போட இவ்வளவு வேகம் எதற்கு என்று தர்மன் கேட்டபோது, உனக்கென்ன தெரியும் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். ஸ்க்ரூவுக்கெல்லாம் சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போட வைத்தார். ஊசி குத்தும் பிரிண்டர் கத்துமென்று, சத்தமில்லாமல் மை தெளிக்கும் பிரிண்டரை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார். எல்லாம் பூட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டதும், ஓடுகிறதா இல்லையா என்று தர்மனே தொட்டுப் பார்த்தான். அந்தப் பெருமையில் கிருஷ்ணமூர்த்தி ஊர் வரும்வரை பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

இப்போது அந்தப் பெருமைதான் வாடிக்கையை விரட்டியது. முதலில் வேகத்தைக் குறைக்கும் பொத்தானை அமுக்கினார். கீழப்பழுவூர் கொளஞ்சி அரைமணி நேரம் அந்த நிசப்தத்தில் உட்கார்ந்திருந்து, கரண்டு வந்ததும் வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

சரி, சத்தந்தானே வேண்டும் என்று டியூப் வாஷர்களைப் பிடுங்கி எறிந்தார். காலண்டர் அட்டையைக் கிழித்து, ஃபேன் இறக்கையில் உரசும்படி செருகினார். பொருத்தம் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் அந்தப் படபட சத்தத்தில் சொக்கிப்போனார்கள். பாதியில் அட்டை சிக்கி ஃபேன் நின்று, பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. பொருத்தம் பார்க்கும்போதே புகைகிறதென்று மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தமே வேண்டாமென்று எழுந்துவிட்டார்கள். மறுநாள் பெண்ணின் அப்பா கடை வாசலில் நின்று பேசியதை அச்சிட எந்தப் பிரிண்டருக்கும் தைரியம் வராது.

தர்மன் வந்து சரிசெய்துவிட்டுப் போனான். அடுத்ததாக, பரணில் கிடந்த பழைய டைப்ரைட்டரை இறக்கித் திரைக்குப் பின்னால் வைத்து, மனைவி ஜானகியை உட்கார வைத்துத் தட்டச் சொன்னார். ஆடிக்காற்று திரையைத் தூக்கிவிட்டது. பெண்டாட்டி டைப் அடிப்பதைக் கம்ப்யூட்டர் என்கிறான் என்ற சேதி, ஏலாக்குறிச்சி பஸ் கிளம்புவதற்குள் பஸ் முழுக்கப் பரவியது.

"ஆவணி பொறக்கப்போகுது. பேசாம ஆபீஸுக்கே போயிடுங்க. எனக்கும் விரல் வலிக்குது" என்றாள் ஜானகி.

கிருஷ்ணமூர்த்தி நல்லதம்பி கடை ஜாதகம் ஒன்றை இரவல் வாங்கி ஆராய்ந்தார். எழுத்துகள் காகிதத்தின் பின்பக்கம் தடவினால் தெரியுமளவுக்கு அழுத்தமாக இருந்தன. 'ட' மட்டும் வரியைவிட்டுச் சற்று மேலே ஏறியிருந்தது. வருஷக்கணக்காக டைப் அடித்தவர், அச்சு அசல் டைப்ரைட்டர் எழுத்து மாதிரியே அடிக்கிறதே, ஃபாரின் பிரிண்டராகத்தான் இருக்கும் என்று பெருமூச்சு விட்டார்.

கடைசியில் மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூருக்கே போனார். திரைக்குள் யாரும் போகக் கூடாது, மிஷினுக்குத் தூசி ஆகாது என்றார் நல்லதம்பி. பெட்டிக்குப் பெட்டி மாற்றிக்கொள்ளலாமா என்று கிருஷ்ணமூர்த்தி கெஞ்சினார். நல்லதம்பி திரையை ஒருதரம் தடவிப் பார்த்தார். கைராசியான மிஷின், மனசே வரவில்லை, ஆனாலும் உங்களுக்காக என்று சம்மதித்தார். மரப்பெட்டியில் அடைத்து ஆணி அடித்துத் தருவதாகவும், பிரிக்காமல் அப்படியே ஸ்விட்சைப் போட வேண்டும் என்றும் சொன்னார்.

நல்லதம்பிக்கு வழக்கமாக வண்டி ஓட்டும் அரியமுத்துவின் வேனில் பெட்டி வந்தது. இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். ஒரு கையில் தூக்கிப்போன தன் பழைய பெட்டியை நினைத்துக் கிருஷ்ணமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது.

பெரம்பலூர் மிஷின் வந்த செய்தி கேட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முதல் ஆளாகப் பொன்னாயி நின்றாள். கிருஷ்ணமூர்த்தி சூடம் காட்டி, திரைக்குப் பின்னால் போய் ஸ்விட்சைப் போட்டார். கடகடவென்று கடையே அதிர்ந்தது.

"இதான் தம்பி, இதேதான்" என்று பொன்னாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வரிசை தெருமுனைவரை நீண்டது. மானேஜரின் சிரிப்பு இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்று கிருஷ்ணமூர்த்திக்குக் கண் கலங்கியது.

கீபோர்டு வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைச் செருக ஓட்டை தேடிப் பெட்டியை ஒரு சுற்று சுற்றினார். மறுபடியும் சுற்றினார். கட்டின கயிற்றை எடுத்துப்போக உள்ளே வந்த அரியமுத்து அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து அக்கறையோடு சொன்னான்:

"சார், கிரைண்டரை இப்படி வெறுங்கல்லா ஓட்டாதீங்க, தேஞ்சிடும். பெரம்பலூர்ல நல்லதம்பி வீட்டு அக்கா உளுந்தைப் போட்டு ஓடவிட்டுட்டுத்தான் ஜாதகத்தை டைப் அடிக்கவே உக்காருவாங்க."