நரைத்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

"அசையாதீங்க. காதுக்குப் பின்னாடி இன்னும் கருப்பாவே இருக்கு."

"பார்த்துப் பூசு. நேத்து சட்டைக் காலர் முழுக்கக் கொட்டிடுச்சு."

"இதுக்கு மேல பூசினா வயசானவர் மாதிரி இருக்காது. சுவத்துக்கு வெள்ளையடிக்கும்போது கீழே நின்ன ஆள் மாதிரி இருக்கும்."

மனைவி சொன்னதைக் கேட்டு அவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். வயது முப்பத்திரண்டு. குழந்தையின் பவுடர் டப்பா புண்ணியத்தில் கழுத்துக்கு மேலே மட்டும் அறுபது. புது வேலையில் இன்று இரண்டாம் நாள். முதல் நாள் உயிரோடு வீடு திரும்பியதே அவனுக்கு இன்னும் நம்ப முடியாத விஷயமாக இருந்தது.

ஒரு வருடமாக அவனுக்கு வேலை இல்லை. புதிய கணினி மொழிகளில் ப்ரோகிராம் எழுதத் தெருவுக்குத் தெரு ஆள் இருந்தார்கள். போதாததற்கு இயந்திரமே எழுத ஆரம்பித்துவிட்டது. கூட்டமில்லாத கடையில்தான் நமக்கு ஏதாவது கிடைக்கும் என்று நினைத்து அவன் கோபோல் கற்றுக்கொண்டான். அவன் அப்பா அரை நிஜார் போட்டிருந்த காலத்து மொழி அது. வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இன்னும் அதை வைத்துத்தான் காலத்தை ஓட்டுகின்றன. தெரிந்தவர்களோ ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போகிறார்கள். அவன் அதை நன்றாகவே கற்றுக்கொண்டான். ஆனால் நேர்காணலுக்குப் போன இடமெல்லாம் அவன் முகத்தைப் பார்த்ததுமே சிரித்தார்கள்.

கடைசியில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் ஒரு நாள் போன் செய்தார். "இன்ஷூரன்ஸ் கம்பெனில உங்களுக்கு கோபோல் வேலை உறுதியாயிடுச்சு. முப்பது வருஷ அனுபவம் கேட்டாங்க. நான் முப்பத்தஞ்சுன்னு சொல்லிட்டேன்."

"சார், எனக்கே முப்பத்திரண்டுதான்!"

"அதனால என்ன? அன்னிக்கு அவங்க போன்லயே இன்டர்வியூ எடுத்தப்ப பயத்துல உங்க குரல் நடுங்குச்சே, வயசான குரல்னு நம்பிட்டாங்க. நாளைக்குக் கொஞ்சம் வயசா வாங்க."

மாட்டேன் என்ற சொல் அவனுக்கு வாய் வரை வந்தது. ஆனால் இந்த வேலையும் போனால் மச்சானின் ஷூ கடைதான் கதி. "மாப்பிள்ளை, உங்களுக்குன்னு ஒரு குட்டை ஸ்டூல் எடுத்து வச்சிருக்கேன். வர்றவங்க காலைப் பிடிச்சு அளவெடுக்கணும், அவ்வளவுதான்" என்று மனைவியின் அண்ணன் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஸ்டூல் கனவில் வந்து அவனைத் துரத்தியது.

அலுவலகத்தில் கோபோல் பிரிவு என்பது கடைக்கோடியில் இருந்த ஒரே ஓர் அறை. அதில் அவனுக்கு முன்பே மூன்று வெள்ளைத் தலைகள். ஒருவர் காதில் கருவி மாட்டியிருந்தார். இன்னொருவர் பெரும்பாலும் நாற்காலியில் சாய்ந்து தூங்கினார். மூன்றாமவர் பிரிவுத் தலைவர்; எல்லோரும் அவரை மூத்தவர் என்றே கூப்பிட்டார்கள். தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து மூத்தவர் பார்க்கும்போதெல்லாம் அவன் கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"ஐயா அந்தக் காலத்துல எங்கே ஆரம்பிச்சீங்க?" என்று மூத்தவர் கேட்டார்.

"அட்டையில துளை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் குடுத்த காலத்துலேயே ஆரம்பிச்சாச்சுங்க" என்று அவன் உளறினான். பயத்தில் வாய் நிற்கவில்லை. "மழையில அட்டை நனைஞ்சா, துணி காயப்போடற கொடியில கிளிப் மாட்டிக் காயவைப்போம்."

முப்பத்தைந்து வருடக் கணக்குக்கு அந்த அட்டை ஒத்து வராது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனால் மூத்தவர் நிதானமாகத் தலையாட்டினார். "எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். ஒரு தடவை காத்துல பறந்துபோய் ரெண்டு நாள் தேடினோம்."

வேண்டுமென்றே விட்டுப் பிடிக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது. பேச்சை மாற்ற மற்ற இருவரிடமும் பழைய கதை கேட்டான். ஒருவர் உடனே காதுக் கருவியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இன்னொருவர் குறட்டை விட்டார். நம்மைச் சேர்த்துக்கொள்ள இவர்களுக்கு இஷ்டமில்லை என்று அவன் முடிவு கட்டினான்.

வேகமாகத் தட்டச்சு செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். அறையில் எல்லோருமே அப்படித்தான் தட்டினார்கள். ஆனால் இரண்டாம் நாள் மதியம் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல விசைப்பலகைச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்ததும் நின்றுவிட்டது. மூன்று பெரியவர்களும் ஒற்றை விரலை உயர்த்தியபடி அவனைப் பார்த்தார்கள்.

அன்று மாலை வந்ததும் மனைவியிடம் சொன்னான். "என்னைப் பத்தி மேலிடத்துக்குப் புகார் எழுதறாங்க. மூணு பேரும் சேர்ந்து எழுதறாங்க."

"பவுடர்தான் காட்டிக் கொடுக்குது. நிஜமாவே வெள்ளையாக்கிடுங்க. கழுவினாலும் போகாது" என்றாள் அவள்.

சலூன்காரர் அவன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கருப்பாக்கத்தான் வருவாங்க. நீங்க என்ன சார், ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார். ஆனாலும் வெளுத்துக் கொடுத்தார். ஆபீஸ் பிரச்சினை பாதி தீர்ந்தது. வீட்டுப் பிரச்சினை ஆரம்பமானது.

"எதிர்வீட்டம்மா கேட்டாங்க, தினமும் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்ற பெரியவர் யாருன்னு. என் மாமனார்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"பின்னே புருஷன்னா சொல்ல முடியும்? கட்டினவனை இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டாளேன்னு என்னைத்தானே பேசுவாங்க. அப்புறம், உங்க வீட்டுக்காரர் எங்கேன்னு கேட்டாங்க. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கார்னு சொல்லியிருக்கேன். வாசப்பக்கம் கொஞ்சம் கூனிட்டே நடங்க."

அன்றிலிருந்து சொந்த வீட்டிலும் அவன் கூனினான். மகளுக்கு அவனைத் தாத்தா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் உற்சாகமாகக் கூப்பிட்டாள். ஆனால் ஒரு நாள் கடையில், எதிர்வீட்டம்மாவின் முன்னால், "அப்பா, ஐஸ்க்ரீம்!" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பாவா?" என்றாள் எதிர்வீட்டம்மா.

"குழந்தைக்கு அப்பா ஞாபகம் வந்துடுச்சு" என்றாள் மனைவி சட்டென்று. எதிர்வீட்டம்மா கண்கலங்கிக் குழந்தைக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தாள். அவன் கூனியபடியே நன்றி சொன்னான்.

மறுவாரம் ஒரு நாள் மாலை, ஆபீஸ் விட்டு அவன் நிறுத்தத்துக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பழக்க தோஷத்தில் அவன் துரத்திக்கொண்டு ஓடித் தாவி ஏறிவிட்டான். ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தால், நிறுத்தத்தில் மூத்தவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மறுநாள் மூத்தவர் அவன் மேஜைக்கே வந்துவிட்டார். "நேத்து பஸ்ஸைத் துரத்திட்டு ஓடினது நீங்கதானே ஐயா?"

"அது... என் பையனா இருக்குங்க. அச்சு அசல் என்னை மாதிரியே இருப்பான்."

"தலை வெள்ளையா இருந்துச்சே?"

"பரம்பரைங்க. எங்க வீட்டுல சின்ன வயசுலேயே நரைச்சிடும்."

மூத்தவர் அவன் தலையை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "குடுத்து வச்ச பையன்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். கிண்டல் செய்கிறார், எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவன் நினைத்தான். அன்று முழுவதும் ஒரு வரிகூட எழுத ஓடவில்லை.

மாலையில் மேனேஜர் அறைக்கு வந்து ஒரு செய்தி சொன்னார். "நீங்க நாலு பேரும் எங்களுக்குப் பொக்கிஷம் மாதிரி. உங்கள்ல ஒருத்தர் படுத்துட்டா கம்பெனியே படுத்துடும். அதனால நாளைக்கு எல்லாருக்கும் முழு உடல் பரிசோதனை. கம்பெனி செலவுல!"

யார் முகத்திலும் ஈயாடவில்லை. தூங்குபவர்கூட விழித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவன் மனைவியிடம் கேட்டான். "பி.பி. ஏறணும்னா என்ன பண்ணணும்?"

"எங்க அண்ணனுக்கு போன் போட்டு ரெண்டு வார்த்தை பேசுங்க. தானா ஏறும்."

பேசினான். ஸ்டூலுக்கு மெத்தை தைத்தாகிவிட்டதாம்.

மருத்துவமனையில் நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. காதுக் கருவிக்காரர் முதலில் உள்ளே போய், கண் சிவந்து வெளியே வந்தார். அடுத்துப் போனவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். மூன்றாவதாகப் போன மூத்தவர் திரும்பி வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உடம்பைப் பார்த்துக்கோங்க ஐயா. என்ன ஆனாலும் தைரியத்தை விட்டுடாதீங்க."

"உங்களுக்கு என்னன்னு சொன்னாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க" என்று சொல்லி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய வியாதிதான் என்று அவனுக்குப் பட்டது. சாகக் கிடக்கும் மனிதரைப் போய் இத்தனை நாள் ஏமாற்றினோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த வேதனையோடு உள்ளே போனான்.

நடுத்தர வயது நர்ஸ் ஒருத்தி பி.பி. கருவியோடு காத்திருந்தாள். "சட்டைக் கையை மடிச்சு விடுங்க ஐயா" என்றாள்.

மடித்தான். மடித்த பிறகுதான் பார்த்தான். தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்தவன் கையை மறந்துவிட்டான். முழங்கை வரை கருகருவென்று முடி நின்றது. நர்ஸ் கையைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

அவன் சட்டென்று கையைப் பின்னால் ஒளித்தான். "அக்கா, காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வெளியே சொல்லிடாதீங்க. எனக்கு முப்பத்திரண்டு வயசுதான். வேலை நல்லாத் தெரியும், சத்தியமாத் தெரியும். வயசு இல்லேன்னுதான் யாரும் தரல. இதுவும் போச்சுன்னா என் குழந்தை முகத்துல முழிக்க முடியாது" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

நர்ஸ் எழுந்து கதவைச் சாத்தினாள். டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"கண்ணைத் துடைங்க தம்பி. மத்த மூணு பேருக்கும் எழுதின பி.பி.யையே உங்களுக்கும் எழுதிடறேன். உங்க மூத்தவருக்கு உங்களைவிட நாலு வயசு கம்மி."