மண்டையோட்டுக்குச் சத்தம் பிடிக்காது

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கத் தேடினாலும் மண்டையோட்டைப் போலச் சத்தத்தை வெறுத்த இன்னொரு மனிதனைப் பார்த்திருக்க முடியாது. ஹெவி மெட்டல் பாட்டைத் தவிர வேறு எதையும் கேட்காத ஒருவனைப் பற்றித்தான் சொல்கிறேன். நம்புங்கள்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அவனுக்குத் தோள் வரைக்கும் முடி. தினமும் மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்புச் சட்டை. பெயர் வந்தது அதனால்தான். பாட்டை ஹெட்போனில்தான் கேட்பான். யாராவது குரலை உயர்த்தினால் முகம் சிவந்துவிடும். நான் ஃபோனில் அம்மாவிடம் கொஞ்சம் உரக்கப் பேசினால், "மெதுவா பேசு லா! அம்மா ஈப்போவுலதான இருக்காங்க? நிலாவுலயா இருக்காங்க?" என்று என்னைவிட உரக்கக் கத்துவான்.

மளிகைக் கடைப் பெரியவர் ஒருநாள் அந்தக் கறுப்புச் சட்டையைப் பார்த்து, "தம்பி, நீ பகுத்தறிவுக் கட்சியா?" என்று கேட்டார்.

"இல்ல அங்கிள், கிட்டார் கட்சி."

அப்படி ஒரு கட்சி எப்போது தொடங்கினார்கள் என்று பெரியவர் ரொம்ப நாள் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் அரசாங்க அலுவலகங்களில், நீளமுடிக்காரர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று பலகை மாட்டியிருப்பார்கள். அடையாளக் கார்டு மாற்றக் காலையில் போன மண்டையோடு சாயங்காலம்தான் திரும்பினான். "சாமியாருக்கு முடி இருந்தா காலுல விழுறாங்க. எனக்கு இருந்தா கியூவுல கடைசியாம்!" என்று செருப்பை உதறினான். ஒன்று வீட்டுக்குள் வந்தது. இன்னொன்று சாக்கடைக்குப் போனது.

பக்கத்து வீடு தலைவர் வீடு. எதற்குத் தலைவர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லா விழாவிலும் மாலை அவருக்குத்தான். நெற்றி நிறையத் திருநீறு, ஒட்ட வெட்டிய முடி. எந்த அலுவலகத்திலும் அவரைக் கடைசியில் நிறுத்த மாட்டார்கள். அந்த மனிதர் வீட்டுக்குள் மனைவியை அடிப்பார். அடி விழுவது எங்களுக்கும் கேட்கும், எதிர்வீட்டுக்கும் கேட்கும். தெரு என்ன செய்யும் தெரியுமா? டிவி சத்தத்தைக் கூட்டும். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மண்டையோடு போய்க் கதவைத் தட்டிக் கேட்டான். "குடும்ப விஷயம். போடா பொறுக்கி" என்று விரட்டினார். போலீசுக்குப் போனான். முடியைப் பார்த்துவிட்டு அவனைத்தான் விசாரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடியும் ஆரம்பித்தது. மண்டையோடு எழுந்தான். அவனுடைய கூட்டாளிகளின் இசைக்குழு எங்கள் வீட்டில் போட்டுவைத்திருந்த ஆளுயர ஸ்பீக்கர் இரண்டையும் வாசலுக்கு இழுத்துப்போய், தலைவர் வீட்டைப் பார்த்து நிறுத்தி, கேசட்டைப் போட்டு, முழுச் சத்தம் வைத்தான்.

கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. சோற்றுக் கையோடு தெருவே வெளியே ஓடிவந்தது. தலைவரும் வந்தார்.

"எவன்டா அவன்! கோயில் இருக்கிற தெருவுல பேய்ப்பாட்டு போடுறவன்?"

மண்டையோடு பாட்டை நிறுத்தினான். அப்போதுதான் எல்லோரும் தலைவரின் கையைப் பார்த்தார்கள். பெல்ட். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, உதட்டில் ரத்தத்தோடு.

"நிறுத்திட்டேன் தலைவரே. இப்ப நீங்க ஆரம்பிங்க. எல்லாரும் வந்துட்டாங்க, நல்லா கேக்கட்டும்."

பெல்ட்டை எங்கே ஒளிப்பது என்று தலைவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு பையோடு வந்தார்.

"தம்பி, ரவாங்குல எங்க அக்கா இருக்கு. டாக்சி கிடைக்குமா?"

"வாங்கக்கா" என்று பையை வாங்கிக்கொண்டான். அந்த அம்மாள் அப்புறம் திரும்பி வரவேயில்லை.

மறுநாள் தெருக்காரர்கள் கூட்டமாகப் போய் எங்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் கொடுத்தார்கள். பெல்ட்டைப் பற்றி இல்லை, பாட்டைப் பற்றி! அத்தனை நாள் செவிடாக இருந்த காதுகளில் திடீரென்று ஒரே வலியாம். வீட்டுக்காரர் அவனைக் காலி செய்யச் சொன்னார். நான் போய்ச் சண்டை போட்டேன். "ஒனக்கு வேணும்னா நீயும் போ லா" என்றார்.

மண்டையோடு கிள்ளானுக்குப் போய் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சனிக்கிழமை மத்தியானமானால் நான் பஸ் ஏறி அந்த டயர் கடைக்குப் போய்விடுவேன். என்னிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.