சீ.ஐ.டி. அண்ணையின் பூனைமயிர் விசாரணை

மன்னார்த் தீவில் சீ.ஐ.டி. அண்ணை சந்தேகப்படாத ஆள் ஒருவரும் இல்லை; தெருக்கழுதைகளும் தப்பவில்லை. அவருக்கு உண்மையில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற வேலை. மிச்ச நேரமெல்லாம் போனில் கொலைவழக்கு வீடியோ. ஒரே போர்டிங்கில் இருந்த எனக்கு, வேலை முடிந்து வந்தால் பிளேன்ரீ குடிக்கவும் அலுப்பாக இருக்கும். அவர் விடமாட்டார். "தம்பி, உம்மட செருப்பில சேறு எங்கால வந்தது?" என்று தொடங்குவார்.

ஒருநாள் வீட்டுக்கார அன்ரி கட்டிலில் கழற்றி வைத்த தங்கச் சங்கிலியைக் காணவில்லை. சமையலுக்கு வரும் சகாயத்தைத்தான் அன்ரி முறைத்தார். வேலையும் போகும், பேரும் போகும் என்று சகாயம் நடுங்கினார்.

"பொறுங்கோ அன்ரி," என்றார் அண்ணை. "சங்கிலி உங்கட கட்டில்ல கிடந்தது. கட்டில் முழுக்கப் பூனைமயிர். எடுத்த ஆளின்ர உடுப்பில அது ஒட்டியிருக்கும். வெளிநாட்டில பூனைமயிரை வச்சே கொலைகாரனைப் பிடிச்சிருக்கிறாங்கள்."

அன்ரியின் பூனை கொழும்பிலிருந்து வந்த வெள்ளைப் பஞ்சு. அதைத் தன் அறைக்குள் கூப்பிட்டுப் பொரித்த சூடைமீன் கொடுத்த, முன்பு போர்டிங்கில் இருந்த ஒரு வாத்தியாரை அன்ரி அன்றைக்கே வெளியேற்றியவர். அண்ணையோ பூனையைக் கண்டாலே "சூ, சூ" என்று விரட்டுவார்.

ஒட்டுகிற செலோரேப்போடு வந்து எங்கள் உடுப்புகளை எல்லாம் ஒற்றி எடுத்தார். என் நல்ல காற்சட்டையில் அந்தப் பசை இன்றைக்கும் இருக்கிறது. தன் உடுப்பை மட்டும் அவர் ஒற்றிப் பார்க்கவில்லை. கடைசியில் சகாயத்தின் சட்டையில் வெள்ளை மயிர் அகப்பட்டது.

"ஊரில வேற வெள்ளைப் பூனை இல்லையோ?" என்று சகாயம் அழுதார்.

"டீ.என்.ஏ. பாத்தா எந்தப் பூனையெண்டு தெரியும். வேரோட இருக்கு, பாருங்கோ," என்றார் அண்ணை பெருமையாக.

அன்ரி பொலிசுக்கு அடிக்கப் போனைக் கையில் எடுத்தார்.

"நான் உங்கட அறைக்குள்ள கால் வைக்கிறதே இல்லை அன்ரி! இண்டைக்குக் காலமை இந்த அண்ணையின்ர பெட்சீற்றைத் தோய்ச்சது மட்டுந்தான்!" என்று சகாயம் கத்தினார்.

அண்ணையின் முகம் செத்துவிட்டது. செலோரேப்பைப் பார்த்தார், சகாயத்தைப் பார்த்தார்.

"போனை வையுங்கோ அன்ரி. டீ.என்.ஏ. பூனையைத்தான் சொல்லும், கட்டிலைச் சொல்லாது. உங்கட பூனை ராவில என்ர கட்டில்லதான் படுக்கிறது. நான்தான் கூப்பிடுறனான். சூடையும் வைக்கிறனான்."

அன்ரி போனை வைத்தார்; அண்ணையைப் பெட்டி கட்டச் சொன்னார். சங்கிலி பிறகு அன்ரியின் தலையணை உறைக்குள்ளேயே கிடந்தது.

அண்ணையின் பையைச் சகாயம்தான் பஸ் நிலையம் வரைக்கும் தூக்கி வந்தார். அன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் அலுப்புத்தான். ஆனாலும் கூடவே நடந்தேன். அந்த மனிசனைச் சும்மா அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.