அரசாங்கத்துக்குப் போன வலக்கை

வெள்ளைக்காரத் துரைமார் எங்களை ஆண்ட காலத்தில், குடிமக்களின் குழம்பும் சட்டத்துக்கு உட்பட்டுக் கொதிக்கவேண்டும் என்று மேலிடத்தில் ஒரு நல்லெண்ணம் உண்டாயிற்று. சுண்டு, பேணி, பிடி என்று அளந்து போடுவது நாகரிகமான நாட்டுக்கு அழகல்ல. இனிச் சோற்றுக்கடைகள் எல்லாம் றாத்தல், அவுன்ஸ் கணக்கில் நிறுத்தே சமைக்கவேண்டும், மீறினால் கடை அனுமதி ரத்து என்று உத்தரவு பிறந்தது. அதை நிலைநாட்ட மன்னாரில் ‘சமையல் நிறுவைக் கந்தோர்’ என்று ஓர் அலுவலகத்தைத் திறந்து, தோமஸ் என்ற உத்தியோகத்தரையும் அனுப்பினார்கள். தராசைத் தவிர வேறொன்றையும் நம்பாத நல்ல மனிதர்.

அவர் முதலில் ஏறிய இடம், துறையடியில் சித்தி மரியம் என்ற பெண் நடத்திய சோற்றுக்கடை. புருஷன் றஊப்பின் தோணி உடைந்த நாளிலிருந்து அந்த வீட்டைக் காப்பாற்றியது அந்தக் கடைதான்.

“மீன் சொதிக்கு உப்பு எவ்வளவு?” என்று தோமஸ் கேட்டார்.

“ஒரு பிடி, ஐயா.”

“ஆற்றை பிடி?”

“என்ரை பிடிதான். வேற ஆற்றை கையால நான் சமைக்கிறது?”

தோமஸ் மகிழ்ந்து போனார். அவளை ஒரு பிடி மா அள்ளச் சொல்லித் தராசில் கொட்டினார். இரண்டு அவுன்ஸ். ‘பிடி ஒன்றுக்கு அவுன்ஸ் இரண்டு’ என்று எழுதி உடனே முத்திரை குத்தினார்.

“ஐயா, உப்பு எண்டால் பிடி பாரம் கூட.”

“கை மாறினதோ?”

“இல்லை.”

“கை மாறாட்டி நிறையும் மாறாது.”

சிக்கல் மறுநாள்தான் வந்தது. நாடு முழுவதுக்கும் அந்தக் கைதான் இனி மூல அளவு ஆகிவிட்டதே! தோமஸ் மூச்சிரைக்க ஓடி வந்தபோது அவள் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“நிப்பாட்டுங்கோ! அரசாங்கப் படிக்கல்லை வைச்சு ஆரும் மீன் வெட்டுவினமோ?”

“இது கையல்லோ ஐயா?”

“நேற்றுவரைக்கும் கை. தேய்ஞ்சு போனால் ஆர் பொறுப்பு? கந்தோர் நேரத்திலை அது கந்தோரிலை இருக்கவேணும்.”

“அப்ப நான்?”

“நீங்களும் கூட வந்தால் வசதி.”

“மற்றக் கை?”

“அது உங்கடை சொந்த விஷயம்.”

“இடக்கையால சோறு போட்டால் ஆர் ஐயா தின்னுவினம்? கடை படுத்திடும். நாங்கள் என்னத்தைத் தின்னுறது?”

தோமஸ் இரக்கமுள்ளவர். றஊப்பை அடுப்படியில் நிறுத்தி, கையில் ஒரு தராசையும் கொடுத்தார். சித்தி மரியம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, படிக்கல் அலுமாரிக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தாள். வலக்கையை ஒரு மெத்தையில் வைத்தார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஈ விரட்டுவதென்றாலும் இடக்கையால்தான்.

றஊப் நிறுத்துச் சமைத்தார். உப்புக்கும் அதே இரண்டு அவுன்ஸ். உப்பு விளைகிற ஊரில் உப்பில்லாச் சொதி கொதித்தது. முதலில் மீனவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு ‘அரசாங்க நிறைப்படி சமைத்தது’ என்று வாசலில் ஒரு பலகை தொங்கியது. கோட்டுப் போட்ட கிளாக்கர்மார் வந்து கரண்டியால் சாப்பிட்டு, “ஆகா, என்ன ஒழுங்கு!” என்றார்கள். அதன்பிறகு குறை சொல்ல யாருக்குத் துணிவு வரும்? தோணிகளுக்குச் சொந்தக்காரரான சந்தியோகுச் சம்மாட்டியார் மடியில் உப்பு முடிந்துகொண்டு வந்தார். ஒருவரும் காணாமல் தூவினார், எல்லோருக்கும் கேட்கப் புகழ்ந்தார். மெல்ல மெல்ல ஊரே மடியில் உப்போடு வந்தது. கடையில் இடம் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

மாரி மழைக்கு முன்னர், கொழும்பில் துரை மாறினார், உத்தரவும் ரத்தானது. சித்தி மரியத்தின் கை, நல்ல நிலையில், அவளிடமே ஒப்படைக்கப்பட்டது. அவள் ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போய், சொதிக்கு ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் வாடிக்கைக்காரர் வந்தார்கள். பழக்க தோஷத்தில் மடியிலிருந்த உப்பையும் தூவினார்கள். வாயில் வைத்ததும் துப்பினார்கள்.

“உந்தக் கை கெட்டுப்போச்சுது, சித்தி மரியம்,” என்றார் சந்தியோகு. “கந்தோரிலை இருந்தவரைக்கும் என்ன ருசி!”

அன்று பின்னேரமே ஊர் கூடி, அந்தக் கையை அரசாங்கம் கருணைகூர்ந்து திரும்பவும் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு மனு எழுதியது. முதல் ஒப்பம் றஊப்புடையது.